மேகம் தீட்டிய காப்டன்

சென்ற மாதம் என் அக்காள் மகன் ஒரு கட்டுப் படங்களுடன் வந்து நின்றான். திருமயம் கோட்டையை ஓராண்டு காலம் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள். புதுக்கோட்டையில் கண்காட்சி வைக்கப் போகிறானாம்.

"மாமா, வாசலில் மாட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஏன் எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று அதில் இருக்க வேண்டும்."

"எடுத்தவன் நீ, எழுதுகிறவன் நானா?" என்று சிரித்தேன். ஆனாலும் வெற்றுக் காகிதத்தைக் கண்டால் எழுத்தாளனின் கை சும்மா இருக்குமா? 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை என்று தொடங்கி, "உள்ளதை உள்ளபடி காட்டும் படங்கள் இவை" என்று முடித்தேன்.

முடித்த இடத்தில்தான் சந்தேகம் பிறந்தது. காப்டன் லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்துவிட்டார்.

சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்டவர் அவர். மாட்டு வண்டிகளில் பெரிய காமிராவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். இராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டைக்கும் வந்தார். இந்தச் சீமைக்கென்றே 1858இல் ஒரு படத் தொகுதி வெளியாயிற்று. மெழுகு பூசிய காகிதம்தான் அவருடைய நெகடிவ். அது மெதுவாகத்தான் ஒளியை வாங்கும். அசைந்தவர்கள் படத்தில் மங்கிக் கரைந்து போவார்கள். அவருடைய கோயில் வீதிகள் பல ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படங்களோடு விளக்கக் குறிப்புகளும் அச்சாயின. ஆனால் மதுரைப் படங்களுக்குக் குறிப்பு எழுதியவர்களில் ஒருவர், டிரேசி என்ற பாதிரியார்! படம் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது.

இன்னொன்றும் உண்டு. அந்த நெகடிவிலிருந்து அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெளுப்பாகவே விழும். டிரைப் தூரிகையை எடுத்து நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். அழகான மேகங்கள்தாம். ஆனால் அவை அன்று அந்த வானத்தில் இருந்தவை அல்ல.

அக்காள் மகனைக் கூப்பிட்டேன். "நீ ஏதாவது தீட்டினாயா?"

முதலில் விழித்தான். பிறகு ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினான். "இங்கே ஒரு மின்கம்பம் இருந்தது மாமா. எடுத்துவிட்டேன். இங்கே பிளாஸ்டிக் குப்பை."

திருமயத்துச் சிவன் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டொன்று இருந்தது. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, 13ஆம் நூற்றாண்டில் சைவ வைணவ வழக்கின் தீர்ப்பைப் பொறித்துவிட்டார்கள். அழித்ததை அழித்ததாக எவரும் ஒரு வரி சொல்லிவிட்டால், பின்னால் வருகிறவன் ஏமாற மாட்டான்.

என் காகிதத்தைக் கிழித்தேன். "நீயே எழுது. சேதுபதியை நான் அறிவேன். மின்கம்பத்தை நீதான் அறிவாய்."

இரவு முழுவதும் உட்கார்ந்து எழுதினான். பத்தே வரிகள். இலக்கணப் பிழை இரண்டு. முதல் வரியிலேயே மின்கம்பம் இருந்தது.

பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.