வெர்சாய்: அரசன் வகுத்த வழியும் மிதிவண்டிச் சுற்றும்

பாரிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெர்சாய் அரண்மனையை மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பது இன்று நிலைபெற்றுவிட்ட ஒரு சுற்றுலா வழக்கமாகும். தம்பதியராகவும் சிறு குழுக்களாகவும் வருவோர், வழிகாட்டி ஒருவரின் பின்னே ஊர்ச் சந்தையில் தொடங்கி, பெருங்கால்வாயின் கரையில் உணவருந்தி, திரியனோன் மாளிகைகளைக் கண்டு, அரண்மனையைக் கடைசியில் அடைவதே இச்சுற்றின் பொதுவான ஒழுங்கு. வசதி கருதி அண்மைக் காலத்தில் அமைந்த ஏற்பாடாக இது தோன்றினாலும், இந்தத் தோட்டத்தை யார், எந்த வரிசையில், எதன் மீதேறிப் பார்க்கலாம் என்பது முந்நூற்றைம்பது ஆண்டுகளாக விதிகளுக்கு உட்பட்டே வந்திருக்கிறது. அந்த விதிகளின் வரலாற்றை அறியாமல் வெர்சாயின் வரலாற்றை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

பதின்மூன்றாம் லூயி 1623இல் இங்கே எழுப்பியது வேட்டைக்கு வரும்போது இரவு தங்குவதற்கான ஓர் எளிய வீடே. சதுப்பும் காடுமாக இருந்த அந்நிலத்தை அவருடைய மகன் பதினான்காம் லூயி 1661 முதல் விரிவாக்கத் தொடங்கியதற்கு உடனடிக் காரணம், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கே தமது வோ-லெ-விகோந்த் மாளிகையில் அளித்த விருந்து என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. விருந்து முடிந்து மூன்று வாரங்கள் ஆவதற்குள் ஃபூக்கே கைதானார் என்பதும், அவருக்காக வேலை செய்த கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் ஆகிய மூவரும் அரசனின் பணிக்கு மாறினர் என்பதும் உறுதி. எனினும் ஃபூக்கேயின் வீழ்ச்சி அந்த விருந்துக்கு முன்பே திட்டமிடப்பட்டிருந்ததால், ஒரு மாலைப் பொழுதின் பொறாமையில் வெர்சாய் பிறந்தது என்று எழுதுவது கதைக்குச் சுவை கூட்டுமே தவிர வரலாறாகாது.

லெ நோத்ர் வகுத்த நிலம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. அரண்மனையை ஒட்டி, பூப்பாத்திகளும் நீரூற்றுகளும், மரச்சுவர்களால் மறைக்கப்பட்ட சோலை அறைகளும் கொண்ட தோட்டம்; அதற்கு அப்பால் பெருங்கால்வாயையும் திரியனோனையும் உள்ளடக்கிய சிறு பூங்கா; அதையும் சூழ்ந்து, 40 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மதிலால் அடைக்கப்பட்ட பெரும் பூங்கா. இவற்றுள் பெரும் பூங்கா வேட்டைக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலமாகும். 1668இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் தோண்டப்பட்ட பெருங்கால்வாய், ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளமும் சிலுவை வடிவும் உடையது. தாழ்ந்த சதுப்பு நிலத்தின் நீரை ஓரிடத்தில் சேர்க்கும் வடிகாலாகவும், அரண்மனை மேடையில் நிற்பவரின் பார்வையை அடிவானம் வரை இட்டுச் செல்லும் கோடாகவும் அது ஒருங்கே பயன்பட்டது.

தான் உண்டாக்கிய தோட்டத்தைப் பிறர் தம் விருப்பம்போல் பார்ப்பதை அரசன் விரும்பவில்லை. நாடிழந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்த இங்கிலாந்து அரசி மேரி 1689 ஜூலையில் வெர்சாய்க்கு வந்தபோது, தோட்டத்தைக் காட்டும் முறைக்கான கையேடு ஒன்றை லூயி வகுத்தார். 1705 வரை ஆறு வடிவங்களில் திருத்தப்பட்ட இந்தக் கையேட்டின் சில பிரதிகள் அரசனின் கையெழுத்திலேயே உள்ளன. அது தோட்டத்தைப் புகழும் நூலன்று. அழகைப் பற்றியோ புராணப் பொருளைப் பற்றியோ அதில் ஏறக்குறைய எதுவுமில்லை. சலவைக்கல் முற்றத்தின் வழியே வெளிவந்து மேடைப் படிகளின் உச்சியில் நிற்க வேண்டும்; பின்னர் நேரே சென்று லத்தோனா ஊற்றின் மேல் நின்று, கீழே உள்ள சிலைகளையும் புல்வெளிச் சாலையையும் அப்பல்லோ குளத்தையும் கால்வாயையும் பார்த்து, உடனே திரும்பி அரண்மனையை நோக்க வேண்டும்; அதன் பின் இடப்பக்கம் சென்று, ஆரஞ்சு மரங்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் கட்டடமான ஒரான்ஜெரியின் மேலிருந்து மரங்களையும் அப்பாலுள்ள ஏரியையும் காண வேண்டும் என்று, கட்டளை மேல் கட்டளையாக அது செல்கிறது. எங்கே நடப்பது, எங்கே நிற்பது, நின்ற இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்பவையே அதன் உள்ளடக்கம். மிருகக்காட்சிச் சாலையையும் திரியனோனையும் அன்றே காண விரும்புவோர் அப்பல்லோ குளத்தைத் தாண்டிப் படகேற வேண்டும் என்ற குறிப்பும் பிற்சேர்க்கையாக உண்டு.

இவ்வளவு கண்டிப்பான வரிசைக்கு அரசனின் குணம் மட்டும் காரணமன்று. தண்ணீர்ப் பற்றாக்குறையும் ஒரு காரணம். மேட்டு நிலத்தில் ஆறில்லாத இடத்தைத் தேர்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான ஊற்றுகளை அமைத்ததால், அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் முழு விசையுடன் இயக்கும் அளவுக்குத் தண்ணீர் ஒருபோதும் கிடைக்கவில்லை. எனவே ஊற்றுகளைப் பராமரிக்கும் பணியாளர்கள் மறைவில் நின்று, அரசன் நெருங்கும்போது சீழ்க்கை ஒலியால் ஒருவருக்கொருவர் அறிவித்து, அவர் முன்னுள்ள ஊற்றைத் திறந்து, அவர் கடந்துபோன ஊற்றை மூடினர். தோட்டம் முழுவதும் ஓயாமல் நீர் சொரிகிறது என்ற எண்ணத்தை விருந்தினர் மனத்தில் உண்டாக்க வேண்டுமாயின், அவர்கள் நடக்கும் வழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் குறையை நீக்கவே சேன் ஆற்றங்கரையில் 1681 முதல் 1684 வரை மார்லி இயந்திரம் கட்டப்பட்டது. ஆற்றின் ஓட்டத்தில் சுழலும் 14 பெரிய சக்கரங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகளை இயக்கி, ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் படிப்படியாக ஏற்றின. மரமும் இரும்பும் உராயும் அதன் ஓசை சுற்றுவட்டாரத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதுவும் போதாமல், ஏர் ஆற்றைத் திசை திருப்பிக் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று 1685இல் தொடங்கப்பட்டது. பல்லாயிரம் படைவீரர்கள் மண் வெட்டினர், காய்ச்சலில் ஏராளமானோர் மடிந்தனர், 1688இல் போர் மூண்டதும் வேலை நின்றுபோனது. பாதியில் விடப்பட்ட அந்த நீர்ப்பாலத்தின் வளைவுகள் மேந்தனோன் ஊரில் இன்றும் நிற்கின்றன. அரசனின் செலவினங்களுள் மன்னிக்க முடியாதது எது என்று கேட்டால், அரண்மனைக்குள் உள்ள கண்ணாடி மாளிகையைக் காட்டிலும் இந்த வாய்க்காலையே சுட்ட வேண்டியிருக்கும். இக்காலத்திலும் ஊற்றுப் பணியாளர் யாழ் வடிவப் பிடியுள்ள நீண்ட திறவுகோலை நிலத்தடி அடைப்பானில் பொருத்தித் திருகியே பல ஊற்றுகளைத் திறக்கிறார்.

சக்கரத்தின் மீதமர்ந்து இத்தோட்டத்தைச் சுற்றும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அதே அரசன்தான். முதுமையில் கீல்வாதத்தால் நடை தளர்ந்தபோது, பணியாளர் பின்னிருந்து தள்ள, முன்னால் அமர்ந்தவர் ஒரு கோலால் திசை திருப்பும் சக்கர நாற்காலியில் அவர் தம் தோட்டத்தை வலம்வந்தார். 1713ஆம் ஆண்டுக் காட்சியாகப் பியேர்-தெனி மார்த்தேன் தீட்டிய ஓவியத்தில், அப்பல்லோ குளத்தருகே அந்த வண்டியில் அமர்ந்த முதிய லூயியைக் காணலாம். கால்வாயில் படகுகளும் இருந்தன. வெனிஸ் குடியரசு 1674இல் இரண்டு கொந்தோலாப் படகுகளையும் அவற்றைச் செலுத்தும் படகோட்டிகளையும் அனுப்பியது. அவர்கள் குடியிருந்த கால்வாய்த் தலைப்பகுதி சிறு வெனிஸ் என்று பெயர் பெற்றது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியில் காலூன்றியது. கம்பெனியைத் தோற்றுவித்த அமைச்சர் கோல்பேரே வெர்சாய்க் கட்டுமானத்தின் கணக்குகளையும் மேற்பார்த்தவர்.

தோட்டத்துக்குள் பொதுமக்கள் வருவது அரசர் காலத்திலேயே வழக்கத்தில் இருந்தது. தகுந்த உடையும் இடையில் வாளும் உள்ள ஆண்மகன் உள்ளே போகலாம். வாள் இல்லாதவருக்கு வாசலில் வாடகைக்குக் கிடைத்தது. பாரிஸ் கூட்டத்தால் தாம் நடக்கவே இயலவில்லை என்று 1685இல் அரசன் நுழைவைக் கட்டுப்படுத்தியதையும், 1704இல் சோலைகளின் இரும்பு வேலிகளை அகற்றி மீண்டும் திறந்துவிட்டதையும் அவைப் பிரபு தான்ஜோவின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது.

மிதிவண்டிச் சுற்றில் பலர் மிகவும் விரும்புவது திரியனோன் பகுதி. அரசன் வாங்கி இடித்த ஒரு சிற்றூரின் பெயர் அது. அவ்விடத்தில் 1670இல் பீங்கான் ஓடுகள் பதித்த சிறு மாளிகை எழுந்தது. அதையும் இடித்து 1687இல் பெரிய திரியனோன் கட்டப்பட்டது. சிறிய திரியனோனை 1774இல் பெற்ற மரி அந்துவானெத், அதன் அருகில் 1783க்குப் பின் ஒரு கிராமத்தையே உருவாக்கினார். கட்டடக் கலைஞர் ரிஷார் மீக் அமைத்த அவ்வீடுகளின் வெளிச்சுவர்களில் பழமையைக் காட்டும் வெடிப்புகள் வேண்டுமென்றே தீட்டப்பட்டன. உள்ளேயோ சலவைக்கல் கணப்படுப்பும் பட்டுத் திரையும் இருந்தன. உண்மையான கிராமத்தை அழித்த இடத்துக்கு அருகிலேயே ஒரு நூற்றாண்டு கழித்துப் பொய்யான கிராமம் எழுந்ததைக் காட்டிலும் கூர்மையான விமர்சனத்தை அவ்வரச மரபின் மீது எந்தப் புரட்சியாளரும் எழுதியதில்லை. மீக் 1794இல் கில்லட்டினில் உயிரிழந்தார்.

புரட்சிக்குப் பின் பெரும் பூங்காவின் நிலம் சிதறிப்போனது. அரண்மனையை 1837இல் அருங்காட்சியகமாக்கிய லூயி-பிலிப் காலத்தில் இருப்புப் பாதையும் வந்ததால், ஊற்றுகள் திறக்கப்படும் ஞாயிறுகளில் பாரிஸ்வாசிகள் திரண்டு வரத் தொடங்கினர். 1842 மே 8 அன்று, அரசரின் விழாவையொட்டித் திறக்கப்பட்ட ஊற்றுகளைக் கண்டு திரும்பிய கூட்டத்தை ஏற்றிவந்த ரயில் மெதோனில் தடம்புரண்டு தீப்பற்றியது. அன்றைய வழக்கப்படி பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற முடியாமல் மாண்டனர். பிரான்சில் பெட்டிகளைப் பூட்டும் வழக்கம் அந்த விபத்தோடு ஒழிந்தது.

மிதிவண்டி இந்நாட்டில் தம்பதியரின் உல்லாச வாகனமாக ஆனதற்கு 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முதன்மைக் காரணம். மக்கள் முன்னணி அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையை வழங்கியது. அதுவரை ஊர் தாண்டிப் போயிராத இளம் இணையர் பலர், முன்னும் பின்னுமாக இருவர் அமர்ந்து மிதிக்கும் டாண்டம் வண்டிகளில் கிளம்பிய காட்சி அந்தக் கோடையின் அடையாளமாகவே பிரெஞ்சு நினைவில் பதிந்துள்ளது.

இன்று மிதிவண்டிக்குப் பூங்காவில் இடமுண்டு, தோட்டத்துக்குள் இல்லை. லெ நோத்ர் தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் இடையே வகுத்த எல்லை, ஏறக்குறைய அப்படியே, மிதிவண்டிகள் நிற்க வேண்டிய எல்லையாகத் தொடர்கிறது. இதனால் மிதிவண்டியில் வருவோர் காணும் வெர்சாய், அரசன் காட்ட விரும்பிய வெர்சாய்க்கு நேர்மாறானது. மேடையிலிருந்து பார்த்தால் அப்பல்லோ குளத்தை ஒட்டியே கிடப்பதுபோல் தோன்றும் கால்வாயைச் சுற்றி வர ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும் என்பதை உணரும்போதுதான், அந்நிலத்தின் உண்மையான அளவும் அதைச் சுருக்கிக் காட்டிய கலைஞரின் திறமும் ஒருங்கே புலப்படுகின்றன. வழக்கமாக உணவருந்தும் இடமான கால்வாயின் மேற்குக் கோடி, அரசனின் கையேட்டில் ஒரு நிறுத்தமாகவே குறிக்கப்படாதது. அங்கிருந்து அரண்மனை நீர்ப்பரப்பின் மறுமுனையில் விரல் அளவே தெரிகிறது.

அங்கே உண்ணப்படும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், கம்பியில் சுழன்று வெந்த கோழியும் நோத்ர்-தாம் சந்தையில் வாங்கப்பட்டவை. மீன், இறைச்சி, கீரை, மாவு ஆகியவற்றின் பெயர்களையே தாங்கி நிற்கும் நான்கு கூடங்களைக் கொண்ட அச்சந்தையின் இன்றைய கட்டடங்கள் 1841இல் எழுந்தவை. சந்தையை முதலிலும் அரண்மனையைக் கடைசியிலும் வைக்கும் வரிசைக்கும் நடைமுறைக் காரணம் உண்டு: காலையில் பாரிஸிலிருந்து வரும் பேருந்துக் கூட்டம் அரண்மனை வாயிலில் நிரம்பி வழிகிறது, திரியனோன் மாளிகைகளோ நண்பகலுக்குத்தான் திறக்கின்றன, ஆகவே வழிகாட்டிகள் காலையைச் சந்தைக்கும் கால்வாய்க்கும், நண்பகலைத் திரியனோனுக்கும் ஒதுக்கி, கூட்டம் குறையும் பிற்பகலில் தம் குழுவினரைக் கண்ணாடி மாளிகைக்கு அழைத்துச் செல்கின்றனர்.