யூரியா சாக்கு சாலைக்கு வந்த கதை

உத்திரமேரூர் பக்கம் யூரியா சாக்கு காலியானதும் நெல் பிடிக்கும், மாட்டுக் கொட்டகைக்குப் படுதாவாகும். சில சாக்குகள் ஐப்பசிக்கு முன்னால் சாலை வேலைக்கு வந்து சேரும். பனி கொட்டும் நாடுகளில் சாலைத்துறை குளிர்காலத்துக்கென்று உப்பைக் குவித்து வைக்கும். இங்கே கொட்டுவது வடகிழக்குப் பருவமழை. குவிப்பது சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும்.

மணல் மூட்டை என்பது பெயருக்குத்தான். ஆற்று மணல் விற்கிற விலையில் அதை யார் சாக்கில் கட்டுவார்கள்? உள்ளே போவது பெரும்பாலும் சவுடு. சாக்கை நிறைக்கக் கூடாது. பாதிக்குச் சற்று மேலே போதும். வாய்வரை அமுக்கிக் கட்டினால் மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கு வழியே தண்ணீர் பீறிடும். தளர்ந்த மூட்டைதான் அடுத்ததன் மேல் அப்பிப் படியும். செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி அடுக்கி, ஏறி மிதித்துவிட வேண்டும். இது சாலைப் பணியாளர்களின் கைவேலை. அவர்களில் சுமார் 10,000 பேரை 2002இல் அரசு வீட்டுக்கு அனுப்பி, 2006இல் திரும்ப அழைத்தது. இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாக்கச் சொல்லி நடந்த போராட்டம் தனிக்கதை.

மூட்டை எங்கே போகும் என்பதை ஏரி முடிவு செய்யும். ஆயக்கட்டு 40 ஹெக்டேரைத் தாண்டினால் ஏரி நீர்வளத்துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. குறுக்கே போகும் சாலையோ வேறு துறைக்கு. கலங்கல் பாய்ந்து தெருவில் தண்ணீர் ஏறினால், "ரோட்டை வெட்டி விடுங்க சார்" என்பார்கள் மேல்பக்கத்தார். கீழ்பக்கத்தார் பொக்லைன் முன்னால் வந்து நிற்பார்கள். வெட்டிய பள்ளத்தைத் தண்ணீர் வடிந்ததும் மூட்டைதான் அடைக்கும். 10ஆம் நூற்றாண்டில் இதே உத்திரமேரூர் சபை குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு 6 பேரை எடுத்தது. யாரிடம் போய்ச் சொல்வது என்ற திண்டாட்டமாவது அன்று குறைவாக இருந்திருக்கும்.

2021 நவம்பரில் செய்யாற்று வெள்ளம் வெங்கச்சேரி தரைப்பாலத்தை உடைத்துக் காஞ்சிபுரம் போகும் வழியை அறுத்தது. அவ்வளவு பெரிய ஆற்றை மூட்டை என்ன செய்துவிடும்? கரை அரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும், வண்டிகளை மறிக்கும். மற்றதற்கு உயர்மட்டப் பாலம்தான் வேண்டும்.

மழை விட்டதும் மூட்டைகளை யாரும் எடுப்பதில்லை. தை மாசி வெயிலில் பிளாஸ்டிக் இழை இற்று, சாக்கு கிழிந்து, சவுடு சாலைப் புருவத்தோடு சேர்ந்துவிடும். அதில் குறையில்லை. நார் மட்டும் காற்றில் பறந்து வாய்க்காலில் விழுந்து, சிறுபாலத்தின் குழாய் வாயில் சுருண்டு கிடக்கும். புரட்டாசியில் தூர் வார இறங்குகிறவரின் மண்வெட்டியில் முதலில் சிக்குவது அதுதான்.