சுவர்களுக்குள் விளையாட்டு: அமெரிக்கப் பல்கலைக்கழகமும் மாணவ உடலும்

உடலைப் பற்றி எழுதாத சிறுபத்திரிகை இல்லை என்றாகிவிட்டது. சிறை, மருத்துவமனை, மனநோய் விடுதி, ராணுவப் பாசறை என்று ஃபூக்கோ கைகாட்டிய இடங்களையெல்லாம் நாமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயிற்று. அவர் கைகாட்டாத இடத்துக்கு மட்டும் போகமாட்டோம். பல்கலைக்கழக விளையாட்டு மைதானம் அப்படிப் போகாமல் விட்ட இடங்களில் ஒன்று. விளையாட்டு என்றாலே நம் இலக்கியக்காரர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. நம் கதைகளில் 'பி.டி. மாஸ்டர்' விசிலோடு வந்து விசிலோடு போய்விடுகிறவர்தானே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று 'கேம்பஸ் ரெக்ரியேஷன் அண்ட் வெல்னஸ்' என்றொரு துறை இருக்கிறது. உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம், விடுதிகளுக்கிடையேயான பந்தாட்டம், செயற்கைப் பாறையில் ஏறுவது, யோகா, தூக்கத்துக்கு யோசனை, மன அழுத்தத்துக்கு வகுப்பு எல்லாம் அதன் பொறுப்பு. இதற்கென்று இயக்குநர், தனி வரவுசெலவு, தொழில்முறைச் சங்கம், பட்டப்படிப்பு எல்லாம் உண்டு. இந்தத் துறை தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும்போது அது நேர்கோட்டில் போகிற முன்னேற்றக் கதையாக இருக்கும்: முதலில் பயிற்சி, பிறகு விளையாட்டு, பிறகு பொழுதுபோக்கு, கடைசியில் முழுமையான நலம். எனக்கு இந்தக் கதை சம்மதமில்லை. இதற்குள் ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று உடலை அளந்தவர்களின் கதை. மற்றது ஆடுகளத்தைப் பங்கிட்டவர்களின் கதை. இரண்டாவது கதை எந்த இடத்தில் முதலாவதற்குள் கரைந்துபோனது என்பதுதான் என் கேள்வி.

அளந்தவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில், மாணவர்களின் உடல்நிலை கெட்டுக்கொண்டே போகிறதென்று தலைவர் ஸ்டெர்ன்ஸ் கவலைப்பட்டதன் விளைவாக 1860இல் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்குமாக ஒரு துறை உருவானது. 1861இல் அதன் பொறுப்பை ஏற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக் 1911இல் இறக்கும்வரை அதை நடத்தினார். அரை நூற்றாண்டு. மர டம்பெல்களை வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக, இசைக்கேற்ற பயிற்சி. அதைவிட முக்கியமாக, அவர் அளந்தார். உயரம், எடை, மார்புச் சுற்றளவு, கை வலிமை என்று வருஷா வருஷம் ஒவ்வொரு மாணவனையும் அளந்து பதிவேட்டில் ஏற்றினார். அவருடைய தந்தையும் அதே பெயர்காரர், அதே கல்லூரியின் தலைவராக இருந்த புவியியலாளர், பாறையில் பதிந்த புராதன விலங்குகளின் காலடித் தடங்களை அளந்து புகழ்பெற்றவர். அப்பா கல்லில் பதிந்த தடத்தை அளந்தார், மகன் உயிருள்ள மார்பை அளந்தார். அளவுநாடாவுக்குப் பரம்பரையே இருந்திருக்கிறது.

1879இல் ஹார்வர்டின் ஹெமன்வே உடற்பயிற்சிக்கூடத்துக்கு டட்லி ஆலன் சார்ஜென்ட் வந்தார். இளமையில் சர்க்கஸில் வித்தை காட்டியவர், பிறகு மருத்துவம் படித்தவர். கப்பியும் எடைக்கல்லும் கோத்த இயந்திரங்களை வடிவமைத்தார். மாணவனை அளந்து, எந்தத் தசை பின்தங்கியிருக்கிறதென்று பார்த்து, அதற்கேற்ற இயந்திரத்தில் உட்கார வைப்பது அவருடைய முறை. இதில் அடிப்படையாக ஒரு நல்லெண்ணம் இருந்ததை நான் மறுக்கவில்லை. சாம்பியன்களை மட்டும் கவனிக்காமல் சோனி மாணவனையும் கவனிக்கச் சொன்னவர் அவர். ஆனால் அளவுகள் சேரச் சேர என்ன ஆகும்? 'சராசரி' பிறக்கும். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் கல்லூரி மாணவனுடையதும் மாணவியுடையதுமாக இரண்டு சிலைகள் நின்றன. ஆயிரக்கணக்கான மாணவர்களின் அளவுகளிலிருந்து சார்ஜென்ட் கணக்கிட்ட உடல்கள் அவை. அவை நின்ற இடம் மானுடவியல் பகுதி. அன்றைக்கு அந்தக் கல்லூரிகளுக்குள் போக முடிந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையர்களின் பிள்ளைகள். அவர்களுடைய சராசரி, இனத்தின் மாதிரியாகக் களிமண்ணில் எழுந்து நின்றது.

இந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஒரு சாட்சி 1995இல்தான் பரவலாக வெளியே வந்தது. நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் ரான் ரோசன்பாம் எழுதிய கட்டுரை அது. ஹார்வர்ட், யேல், வாஸர் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியரை நிர்வாணமாக நிற்கவைத்து, முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பின்னிருந்தும் படம் எடுத்திருக்கிறார்கள். நிற்கும் தோரணை சரியா என்று பார்ப்பதற்காம். பல படங்கள் டபிள்யூ. எச். ஷெல்டன் என்பவரின் ஆய்வுக்குப் போயின. உடலின் வாகை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் அவர். 1950 செப்டம்பரில் அவருடைய குழு சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஒரு மாணவி வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாளே வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் வந்து பெண்களின் படங்களைக் கைப்பற்றி எரித்தார்கள். எண்பது தொண்ணூறு வருஷமாகப் பதிவேடு பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மாணவி பேசியதும் நடந்தது இது.

நமக்கும் இந்த வம்சாவளியில் ஒரு கிளை உண்டு. மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில்தான் 1891இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். ஸ்ப்ரிங்ஃபீல்ட் மரபில் வந்த ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளிக்கூடத்து 'பி.டி. பீரிய'டின் கொள்ளுத்தாத்தா அங்கே இருக்கிறார். அது தனியாக எழுதவேண்டிய சங்கதி. இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டங்கள் பெரும் வணிகமாக வளர்ந்தபோது, அணியில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான மாணவர்கள் காலரியில் உட்கார்ந்து கத்துவதைத் தவிர வேறு வேலையில்லாமல் போனார்கள். அவர்கள் தாங்களாகவே வகுப்புக்கு வகுப்பு, விடுதிக்கு விடுதி என்று ஆடத் தொடங்கியிருந்தார்கள். இதைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1913இல். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் அதற்கெனத் தனித் துறை ஏற்படுத்தின. 'இன்ட்ராம்யூரல்' என்று பேர். லத்தீனில் 'முரஸ்' என்றால் சுவர், ஆக சுவர்களுக்குள்ளே நடப்பது. மிச்சிகனில் 1919இலிருந்து இதை நடத்திய எல்மர் மிட்செல் 1925இல் இதற்கொரு பாடநூல் எழுதினார். 1928இல் ஆன் ஆர்பரில் இதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது.

இங்கேதான் நிர்வாகம் என்பது வேறு அர்த்தம் பெறுகிறது. இருப்பது நாலு ஆடுகளம், ஆட வருகிறவர்கள் ஐந்நூறு பேர். யார் எந்த நேரத்தில் ஆடுவது? நாக்-அவுட் வைத்தால் தோற்றவன் முதல் நாளே வீட்டுக்குப் போகிறான், லீக் வைத்தால் எல்லோரும் பலமுறை ஆடலாம், ஆனால் களம் போதாது. ஒரே விடுதி எல்லாக் கோப்பையையும் அள்ளிக்கொண்டு போகாமல் அணிகளை எப்படிப் பிரிப்பது? நடுவர் யார்? அவரும் மாணவர்தான், மணிக்கணக்குக் கூலிக்கு. மைதானத்தில் ஈரமிருந்தால் யார் சொல்வது? சில்லறை விஷயங்கள்தான். ஆனால் இவை ஒவ்வொன்றும் பங்கீடு பற்றிய கேள்விகள். 'உன் மார்பு எத்தனை அங்குலம்' என்பதை விட்டு 'உனக்கு எத்தனை மணிக்குக் களம் வேண்டும்' என்று கேட்பது சின்ன மாற்றமில்லை.

ஆனால் சுவர் சுவர்தான். அதே ஆன் ஆர்பரில், 1934 அக்டோபரில், ஜார்ஜியா டெக் அணி கறுப்பருக்கு எதிராக ஆடமாட்டோம் என்றதால் மிச்சிகன் தன் வீரர் வில்லிஸ் வார்டை உட்கார வைத்துவிட்டு ஆடியது. தெற்கே கதையே வேறு. பெரும்பாலான கறுப்பின மாணவர்களுக்கு அங்கே திறந்திருந்தவை கறுப்பினக் கல்லூரிகள் மட்டும். வெளியே நகரத்தின் பூங்காவும் குளமும் அவர்களுக்கு மூடியிருந்தன, அல்லது கடைசித் தரத்தில் ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குச் 'சுவர்களுக்குள்' என்ற சொல்லின் பொருள் மிச்சிகனில் உள்ள பொருளாக இருந்திருக்க முடியாது. உள்ளே கிடைக்காத ஆட்டம் வெளியேயும் கிடைக்காது.

நியூ ஆர்லியன்ஸின் டிலர்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியைக் கவனித்துவந்த வில்லியம் வாசன், 1948இல் கார்னகி நிதியுதவி பெற்றுக் கறுப்பினக் கல்லூரிகளில் இந்த உள் விளையாட்டுகள் எப்படி நடக்கின்றன என்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்தது திட்டங்களையும் நிர்வாகத்தையும். மாணவர்களின் உடம்பை அல்ல. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1950 பிப்ரவரியில் பதினோரு கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சுமார் இருபது பேர் டிலர்டில் கூடித் தேசிய இன்ட்ராம்யூரல் சங்கத்தை அமைத்தார்கள். இன்று அமெரிக்காவில் இந்தத் துறை முழுவதற்குமான தொழில்முறைச் சங்கமாக இருப்பது அதுதான். ஹார்வர்டும் யேலும் மாணவர்களை ஆடையில்லாமல் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், யாருக்கு எப்போது களம் என்று பேசுவதற்கு இந்த இருபது பேர் நியூ ஆர்லியன்ஸில் உட்கார்ந்திருந்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே வெள்ளைக் கல்லூரிக்காரர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். அது நல்ல விஷயமாகவே சொல்லப்படுகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் 1959இல் பெண்களைச் சங்கம் வெளியே நிறுத்தியது. மீண்டும் அவர்கள் உள்ளே வந்தது 1971இல். முதல் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பன்னிரண்டு வருஷம் கதவடைப்பு. விளிம்பிலிருந்து தொடங்கும் ஒன்று மையத்துக்கு நகர நகர யாரை உதறிக்கொண்டு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டாம். (நம் இயக்கங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.) 1975இல் சங்கத்தின் பெயரில் 'ரெக்ரியேஷனல்' என்ற சொல் சேர்ந்தது.

அதற்குள் இன்னொரு சொல் பக்கத்து அறையில் தயாராகிக்கொண்டிருந்தது: 'வெல்னஸ்'. இதைத் தற்காலப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஹால்பர்ட் டன் அமெரிக்க அரசின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். சாவுக் கணக்கு எழுதியவர் நலத்துக்குப் பேர் வைத்தது வேடிக்கைதான். 1959இல் கட்டுரையாகவும் 1961இல் நூலாகவும் அவர் சொன்னது, நோயில்லாமல் இருப்பது மட்டும் நலமாகாது, மனிதன் தன் ஆற்றலின் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்பது. 1975இல் கலிஃபோர்னியாவில் ஜான் டிராவிஸ் இதற்கொரு மையம் திறந்தார். 1976இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தில் மாணவர் மருத்துவராக இருந்த பில் ஹெட்லர் இதை ஆறு பரிமாணங்களாகப் பிரித்தார்: உடல், உணர்ச்சி, அறிவு, சமூகம், ஆன்மிகம், தொழில். வினாத்தாள் வந்தது. மாணவன் தன்னைத் தானே கேட்டு, தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஹிட்ச்காக்கின் பதிவேடு திரும்பி வந்துவிட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அளவுநாடா இப்போது மாணவன் கையிலேயே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ராபர்ட் க்ராஃபோர்ட் 1980இல் இந்தப் போக்குக்கு 'ஹெல்திஸம்' என்று பேர் சொல்லி, நலத்தைத் தனிமனிதனின் தலையில் கட்டும்போது அவனை நோயாளியாக்கும் சூழல் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது என்று காட்டினார். பல்கலைக்கழகத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். 'களம் ஏன் இல்லை' என்று நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்க முடியும். 'நீ ஏன் சரியாகத் தூங்கவில்லை' என்பது மாணவனைப் பார்த்து மட்டும் கேட்கக்கூடிய கேள்வி. அவன் ராத்திரி வேலைக்குப் போவதும், படிப்புக் கடனும் ஆறு பரிமாணத்தில் எதில் வரும்? ஹெட்லரைத் தீயவராக்குவது என் நோக்கமில்லை. மன உளைச்சலில் தவித்த எத்தனையோ மாணவர்களுக்கு இந்தத் திட்டங்கள் ஒரு கதவைத் திறந்திருக்கும். சொல் என்ன செய்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

என் சித்தப்பா மகன் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். கட்டணச் சீட்டை எனக்கு அனுப்பியிருந்தான். அதில் பொழுதுபோக்கு வசதிக்கென்று தனியாக ஒரு வரி. "நான் அந்தப் பக்கமே போனதில்லைண்ணே, லேப்லயே பொழுது போயிடுது. ஆனா கட்டித்தான் ஆகணும்" என்றான். அங்கே பல இடங்களில் இந்தத் துறைகள் இப்படிக் கட்டாயக் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. அதனால் இயக்குநருடைய வேலையும் மாறிவிட்டது. வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறவர்களை எண்ணி, இந்தக் கூடத்தால்தான் மாணவர் சேர்கிறார்கள், சேர்ந்தவர்கள் நின்றுபோகாமல் தொடர்கிறார்கள் என்று வரவுசெலவுக் கூட்டத்தில் நிரூபிக்கவேண்டும்.

குளத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில், இனப்பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், நகராட்சி கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குளிப்பதைவிட மேலென்று தன் நான்கு நீச்சல்குளங்களை மூடியது. ஐந்தாவதன் குத்தகையை அதன் சொந்தக்காரரான ஒய்.எம்.சி.ஏ.விடம் திருப்பித் தந்தது. அது வெள்ளையருக்கு மட்டும் தொடர்ந்து நடந்தது. எல்லோருக்கும் சேர்த்தே மூடியிருப்பதால் இதில் பாரபட்சமில்லை என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2017இல் தன் பொழுதுபோக்கு மையத்தை எட்டரைக் கோடி டாலர் செலவில் விரிவாக்கித் திறந்தது. பணம் மாணவர் கட்டணத்திலிருந்து வந்தது. அதில் ஒரு செயற்கை ஆறு. மிதவையில் படுத்துக்கொண்டால் நீரோட்டமே மெதுவாக இழுத்துப்போகும். அந்த ஆற்றின் வடிவம் பல்கலைக்கழகப் பெயரின் மூன்று முதலெழுத்துக்கள். இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 ஏப்ரலில், மாநில அரசு நிதியை வெட்டப்போவதால் திவால் நிலையை அறிவிப்பதற்கான தாள்களைத் தயாரிக்கிறோம் என்று அதே பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. இது இருக்கும் பேட்டன் ரூஜ் நகரமும் டிலர்ட் இருக்கும் நியூ ஆர்லியன்ஸும் ஒரே மாநிலம். காரில் போனால் ஒன்றரை மணி நேரம். வாசனும் மற்றவர்களும் டிலர்டில் கூடிய 1950 பிப்ரவரியில் லூசியானா ஸ்டேட்டில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. ராய் வில்சன் அந்த வருஷக் கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார். இளநிலைப் படிப்பில் முதல் கறுப்பின மாணவராக 1953இல் சேர்ந்த ஏ. பி. டுரோ, இளையவர், மேல்முறையீட்டில் உத்தரவு புரண்டதால் சில வாரங்களில் வெளியேற வேண்டியதாயிற்று.