சீரம் குறைந்த வளர்ப்பு ஊடகங்கள்

பாலூட்டி விலங்குகளின் செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும்போது, அவற்றுக்கு உணவாகும் நீர்மத்தில் விலங்குச் சீரத்தைப் பத்து சதவீத அளவில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அந்த அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தாலும் செல்கள் அதே வேகத்தில், அதே வடிவத்தில் பெருகும்படி அமைக்கப்பட்டவை சீரம் குறைந்த ஊடகங்கள். சீரம் என்பது இரத்தம் உறைந்தபின் கட்டியிலிருந்து பிரிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீர். அதன் இடத்தை இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம், அல்புமின் போன்ற அளவறிந்த பொருள்கள் நிரப்புகின்றன. தடுப்பூசித் தயாரிப்பு, மருந்துப் புரத உற்பத்தி, செல்லுக்குள் மரபணுவைச் செலுத்தும் ஆய்வுகள் ஆகியவற்றில் இவ்வூடகங்கள் இன்று அன்றாடப் பொருள்கள். சீரம் செல்லுக்கு உணவளிப்பதோடு காவலாகவும் நிற்கிறது என்பதே இவற்றின் வரலாறு தரும் முதன்மையான பாடம். காவலைக் குறைக்கும் ஆய்வகம், ஊடகத்தைத் தேர்வதிலும் சேமிப்பதிலும் கூடுதல் கவனம் செலுத்தியாக வேண்டும்.

தொடக்க காலம்

1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர், உடலிலிருந்து பிரித்த தவளை இதயம் துடித்துக்கொண்டிருக்க எந்த உப்புகள் வேண்டும் என்று ஆராய்ந்தார். லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்புநீரில் இதயம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கண்டறிந்தார். ஊடகத்தில் நமக்குத் தெரியாமல் கலந்திருக்கும் பொருள் முடிவையே மாற்றிவிடும் என்பது அப்போதே தெளிவானது.

1907-இல் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீர்த் துளிக்குள் வைத்து, நரம்பிழை செல்லிலிருந்தே வளர்வதை நுண்ணோக்கியில் காட்டினார். திசு வளர்ப்பு ஓர் ஆய்வுமுறையாக உருப்பெற்றது அப்போதுதான். அதன்பின் மாண்ட்ரோஸ் பர்ரோஸ் கோழியின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தினார். அவருடன் பணியாற்றிய அலெக்சிஸ் கேரல் கோழிக் கருவின் சாற்றையும் சேர்த்தார்.

1912-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் கேரல் தொடங்கிய கோழி இதயத் திசு வளர்ப்பு 1946 வரை தொடர்ந்தது. செல்களுக்கு இறப்பே இல்லை என்ற கருத்தை அது உலகெங்கும் பரப்பியது. ஆனால் மனிதனின் இயல்பான செல்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினர். கேரலின் வளர்ப்பில் ஊற்றப்பட்ட கருச் சாற்றின் வழியாகப் புதிய செல்களும் உள்ளே சென்றிருக்கலாம் என்பது பின்னர் சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. உள்ளடக்கம் தெரியாத ஊடகம் ஒரு தலைமுறை அறிவியலையே தவறான வழியில் நடத்தக்கூடும் என்பதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு இல்லை.

பட்டியலிட்ட ஊடகங்களும் கன்றுக்கரு சீரமும்

அறியாத சாறுகளுக்கு மாற்றாக, ஒவ்வொரு பொருளையும் எடை பார்த்துச் சேர்க்கும் ஊடகங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தன. 1950-இல் டொராண்டோவின் கொனாட் ஆய்வகங்களில் மார்கன், மார்ட்டன், பார்க்கர் மூவரும் அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட 'ஊடகம் 199'-ஐ உருவாக்கினர். சால்க் போலியோ தடுப்பூசிக்கான வைரஸைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் பெருமளவில் வளர்க்க அது உதவியது.

ஹாரி ஈகிள் எதிர்த்திசையில் சென்றார். செல்லுக்குக் கட்டாயம் வேண்டியவை எவை என்பதே அவர் கேள்வி. எலியின் எல் செல்களையும் மனிதனின் ஹீலா செல்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தார். சீரத்தைச் சவ்வின் வழியே பிரித்து, அதிலிருந்த சிறு மூலக்கூறுகளை நீக்கிய பிறகே பயன்படுத்தினார். 1959-இல் அவர் வெளியிட்ட குறைந்தபட்ச ஊடகத்தில் பதின்மூன்று அமினோ அமிலங்கள், எட்டு வைட்டமின்கள், உப்புகள், குளுக்கோஸ் ஆகியவை இருந்தன. இன்று 'மெம்' என்று ஆய்வகங்களில் அழைக்கப்படுவது அதுவே. அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் நான்கு மடங்காக்கி டல்பெக்கோவும் ஃப்ரீமேனும் அமைத்தது 'டிமெம்'. ரிச்சர்ட் ஹாம் 1965-இல் எஃப்-12 ஊடகத்தையும், பஃபலோவின் ராஸ்வெல் பார்க் நிலையத்தார் 1967-இல் ஆர்பிஎம்ஐ 1640-ஐயும் தந்தனர்.

இவற்றில் பெரும்பாலானவை சீரத்தோடு சேர்ந்தே வேலை செய்தன. 1950-களின் இறுதியில் தியோடர் பக் கன்றுக்கரு சீரத்தைப் பயன்படுத்திய பிறகு அதுவே பொது வழக்கமாயிற்று. பிறவாத கன்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் மிகக் குறைவு, வளர்ச்சிக் காரணிகள் மிகுதி. எந்தச் செல்லை இட்டாலும் பெரும்பாலும் வளர்ந்தது.

குறைக்க வேண்டிய காரணங்கள்

சீரம் ஒரு தொகுதியைப் போல மறு தொகுதி இருப்பதில்லை. மாட்டின் இனம், தீவனம், பருவம் எல்லாம் அதன் உள்ளடக்கத்தை மாற்றுகின்றன. பெரிய அளவில் வாங்குவதற்கு முன் பல தொகுதிகளின் மாதிரியைப் பெற்றுச் சோதித்துப் பார்ப்பது அதனால்தான். மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸும் மைக்கோபிளாஸ்மாவும் சீரத்தின் வழியே வளர்ப்புக்குள் நுழைந்த வரலாறு உண்டு. 1996-இல் பிரிட்டனில் பித்தப் பசு நோய்க்கும் மனிதரிடையே தோன்றிய ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு அறிவிக்கப்பட்டபின், மாட்டுப் பொருள்களின் மூலம் குறித்த விதிகள் கடுமையாயின. இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருந்து, இதயத்தில் ஊசி செலுத்தி இந்த இரத்தம் எடுக்கப்படுகிறது. அந்த உயிரின் துன்பத்தை எண்ணிப் பார்ப்பது அறிவியலின் கடமை. ஆய்வகச் சோதனை நடைமுறைகள் பற்றி பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி) 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியும் சீரத்துக்கு மாற்று தேடுவதை ஊக்குவிக்கிறது.

மருந்து உற்பத்தியில் இன்னொரு காரணமும் உண்டு. ஊசி வழியே மனித உடலுக்குள் செல்லும் பொருளில் மாட்டுப் புரதம் கூடியவரை இருக்கக் கூடாது. செல் வளர்ப்புத் தடுப்பூசிகளில் ஒரு தவணைக்கு எஞ்சும் மாட்டு அல்புமின் 50 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குன்னூர் பாஸ்டர் நிலையம் ஆட்டு மூளையில் தயாரித்துவந்த வெறிநாய்க்கடித் தடுப்பூசியை விட்டு வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல் வரிசைக்கு மாறியதைப் போன்ற முன்னேற்றங்களில், இந்தத் தூய்மைக் கணக்கு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உடன் வருகிறது.

சீரத்தின் வேலையைப் பிரித்தறிதல்

சீரத்தைக் குறைக்க வேண்டுமானால், அது என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 1974-இல் ரஸ்ஸல் ராஸ் குழுவினர், இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளியிடும் ஒரு பொருளே தமனித் தசைச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது என்று காட்டினர். தட்டணு நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து செய்த சீரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. 1976-இல் மக்கீஹான், ஹாமில்டன், ஹாம் மூவரும் மனித இணைப்புத்திசுச் செல்களுக்கு மிகச் சிறிதளவு செலினியம் கட்டாயம் வேண்டும் என்று நிறுவினர்.

அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் இசுமி ஹயாஷியும் கார்டன் சாட்டோவும் எலியின் பிட்யூட்டரி செல்களைச் சீரமே இல்லாமல் வளர்த்துக் காட்டினர். ஹார்மோன்களும் டிரான்ஸ்ஃபெரினும் சீரத்தின் இடத்தை நிரப்பின. இது பெரிய திருப்பம். ஒவ்வொரு செல் வகைக்கும் தனித்தனி ஹார்மோன் தேவை உண்டு, அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் சீரம் தேவையில்லை என்பது சாட்டோவின் கொள்கை. டிமெமையும் எஃப்-12-ஐயும் சரிபாதி கலந்த அடிப்படை ஊடகமும், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றும் சேர்ந்த துணைச்சேர்க்கையும் இந்த வழியில் பரவின.

சீரம் முற்றிலும் இல்லாத ஊடகம் ஒரு செல் வகைக்குப் பொருந்தினால் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே நடைமுறையில் ஓர் இடைவழி நிலைபெற்றது. ஜிப்கோ நிறுவனத்தின் ஆப்டி-மெம் அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஈகிளின் ஊடகத்தை அடிப்படையாகக் கொண்டு இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், ஹைபோசாந்தின், தைமிடின், நுண்தனிமங்கள் சேர்த்த ஊடகம் அது. சீரத்தைக் குறைந்தது பாதியாகக் குறைக்கலாம் என்பது அதன் அறிவிப்பு. 1987-இல் ஃபெல்க்னர் குழுவினர் நேர்மின்னூட்டக் கொழுப்புத் துகள்களால் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தும் முறையை வெளியிட்ட பின், இவ்வகை ஊடகத்தின் தேவை கூடியது. சீரத்தின் புரதங்கள் அத்துகள்களோடு ஒட்டி வேலையைக் கெடுக்கின்றன. மரபணுவையும் கொழுப்பையும் தனித்தனியே சீரம் சேர்க்காத ஊடகத்தில் கரைத்து, பிறகு கலந்து, சில நிமிடங்கள் வைத்திருந்து செல்மேல் இடுவது அன்றிலிருந்து ஆய்வக வழக்கம்.

தேர்வு

தேர்வு செல்லிலிருந்து தொடங்க வேண்டும். செல் வரிசையை வழங்கிய வங்கி எந்த ஊடகத்தைப் பரிந்துரைத்ததோ, அதற்கு நெருங்கிய சீரம் குறைந்த வகையே முதல் தெரிவு. அடுத்துப் பார்க்க வேண்டியது வளர்ப்புப் பெட்டியின் கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 2.2 கிராம் சோடியம் பைகார்பனேட் கொண்ட மெம் ஊடகம் 5 சதவீதத்துக்குப் பொருந்தும். 3.7 கிராம் கொண்ட டிமெம் 10 சதவீதத்தை எண்ணி அமைக்கப்பட்டது. குளுட்டமின் ஏற்கெனவே உள்ளதா, நாம் சேர்க்க வேண்டுமா என்பதையும் அட்டையைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். மார்பகப் புற்றுச் செல் போன்றவற்றில் ஹார்மோன் ஆய்வு செய்வோர் பீனால் ரெட் என்ற நிறங்காட்டிச் சாயம் இல்லாத வகையை எடுப்பது நல்லது. அந்தச் சாயத்துக்குச் சிறிய ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டென்று 1986-இல் கண்டறியப்பட்டது.

செல்களைப் புதிய ஊடகத்துக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். 10 சதவீதத்திலிருந்து 5, பிறகு 2.5 என்று இறங்கி, ஒவ்வொரு படியிலும் சில தலைமுறைகள் வளர்த்து, எண்ணிக்கையும் உயிர்ப்பும் சரியாக இருந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்வது முறை. முந்தைய படியின் செல்களைத் திரவ நைட்ரஜனில் சேமித்து வைப்பது காப்பு.

சீரம் குறையும்போது அதன் மறைமுக வேலைகளும் குறைகின்றன. செல்களைப் பிரித்தெடுக்க இடும் டிரிப்சினைச் சீரத்தின் தடுப்புப் புரதங்கள் செயலிழக்கச் செய்யும். சீரம் இல்லாத இடத்தில் சோயாவின் டிரிப்சின் தடுப்பான் வேண்டும். செல் தட்டில் ஒட்ட உதவும் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் குறைவதால் தட்டுக்குப் பூச்சு தேவைப்படலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் குறைத்தே இட வேண்டும். சீரப் புரதம் பிணைத்து வைக்காத மருந்து செல்லையே தாக்கும்.

சேமிப்பு

நீர்ம ஊடகத்தின் இடம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ், இருட்டு. உறைய வைக்கக் கூடாது. உப்புகளும் அமினோ அமிலங்களும் படிந்து பிரியும், வளர்ச்சிக் காரணிகள் கெடும். குளிர்பெட்டியின் கதவுத் தட்டு வெப்பம் ஏறி இறங்கும் இடமாதலால் உள்தட்டே உகந்தது. கோடையும் மின்வெட்டும் உள்ள ஊர்களில் வெப்பநிலைப் பதிவு வைப்பது கட்டாயம்.

இருட்டு ஏன்? 1974-இல் ஸ்டோயன், வாங் இருவரும் நீண்ட அலைப் புறஊதா ஒளி பட்ட ஊடகமே செல்லைக் கொல்லும் நஞ்சாகிறது என்று காட்டினர். ரிபோஃப்ளேவின் ஒளியை ஏற்று டிரிப்டோஃபான், டைரோசின் ஆகியவற்றோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் ஹெப்பஸ் சேர்த்த ஊடகத்திலும் இதே கேடு உண்டு. ஆப்டி-மெம் ஹெப்பஸ் கொண்டது. சீரம் நிறைந்த ஊடகத்தில் இந்த நஞ்சின் ஒரு பகுதியைச் சீரமே முறிக்கும். சீரம் குறைந்தபோது செல் அதைத் தனியே தாங்க வேண்டியிருக்கிறது. ஒளிரும் குழல்விளக்கின் கீழ் மேசைமேல் நாள் முழுதும் நின்ற புட்டியைப் பயன்படுத்துவது தவறு.

குளுட்டமின் மற்றொரு பலவீனம். 37 டிகிரியில் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஏறத்தாழ பாதி சிதைந்து அம்மோனியாவைத் தரும். குளிரில் மெதுவாக, ஆனால் நிற்காமல் சிதையும். நாள்தோறும் முழுப் புட்டியையும் வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கித் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம் இச்சிதைவை விரைவுபடுத்தும். அன்றைய தேவையைச் சிறு குழாயில் ஊற்றி அதை மட்டும் சூடாக்குவதே சரி. அலனைல்-குளுட்டமின் என்ற நிலைத்த வடிவத்தைச் சேர்ப்பதும் தீர்வு.

பீனால் ரெட் உள்ள ஊடகத்தில் புட்டியின் நிறம் நிலையைச் சொல்லும். செம்மையாக இருந்தால் அமிலத்தன்மை சரி. அடிக்கடி திறந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். மஞ்சளாகிக் கலங்கினால் நுண்ணுயிர் தொற்றியிருக்கலாம். அதை எறிந்துவிட வேண்டும். சேர்க்க வேண்டிய சீரத்தை மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ சிறு அளவுகளாகப் பிரித்து வைத்து, குளிர்பெட்டியில் மெல்ல உருகவிட வேண்டும். வளர்ச்சிக் காரணிகளையும் ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, அல்புமின் சேர்த்து உறையவைத்தால், அவை நெகிழிக் குழாயின் சுவரில் ஒட்டி வீணாவது குறையும்.

இன்றைய நிலை

மருந்துப் புரதத் தொழிலில் சீன வெள்ளெலிச் சூலகச் செல்கள் பெரும்பாலும் சீரமே இல்லாத, உள்ளடக்கம் முழுதும் அறிந்த ஊடகத்தில் வளர்கின்றன. பல்கலைக்கழக ஆய்வகங்கள் பலவற்றில் பத்து சதவீதச் சீரம் இன்னும் பழக்கத்தால் நீடிக்கிறது. அதைக் குறைப்பது செலவுக்கும் நல்லது, விலங்குக்கும் நல்லது, முடிவுகளின் நம்பகத்துக்கும் நல்லது. ஆனால் குறைத்த அளவுக்கு ஒழுக்கம் கூட வேண்டும். ஊடகத்தின் பெயர், தொகுதி எண், சீரத்தின் சதவீதம், புட்டி திறந்த தேதி ஆகியவற்றை ஆய்வேட்டிலும் வெளியிடும் கட்டுரையிலும் ஒவ்வோர் ஆய்வாளரும் எழுதியாக வேண்டும். இவை இல்லாத முடிவை மற்றோர் ஆய்வகம் திரும்பச் செய்து பார்க்க இயலாது.