சட்டப் படிப்பும் சீனியரின் அறையும்: தமிழ்நாட்டில் வழக்கறிஞர்கள் உருவான வரலாறு

சட்டப் பட்டம் பெற்றவர் அன்றே வழக்கறிஞராகிவிடுவதில்லை. பட்டத்துக்கும் சொந்தப் பெயரில் தாக்கல் செய்யும் முதல் வக்காலத்துக்கும் இடையில் எப்போதுமே சில ஆண்டுகள் இருந்துவந்துள்ளன. அந்த ஆண்டுகளில் அவர் தொழிலை எங்கே கற்கிறார், அதுவரை அவர் எதைக்கொண்டு வாழ்கிறார் என்ற இரு கேள்விகளும் சென்னையில் சட்டக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்தே தொடர்கின்றன. விதிகள் பலமுறை மாறின. முதல் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொன்னது. இரண்டாவதை அண்மைக்காலம் வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கல்லூரிக்கு முந்தைய காலம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1802 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் சென்னை மாகாணத்தில் அதாலத்து நீதிமன்றங்களை அமைத்தபோது, அவற்றில் வாதாட வக்கீல்களையும் நியமித்தது. அவர்களுக்கென்று சட்டப் பள்ளி எதுவும் இல்லை. கணக்கும் பத்திரமும் எழுதத் தெரிந்தவர்கள், கச்சேரி வேலையில் பழகியவர்கள் ஆகியோரே வக்கீல்களாயினர். 1846 ஆம் ஆண்டுச் சட்டம் மதம், இனம் பார்க்காமல் தகுதியுள்ள எவரும் இத்தொழிலுக்கு வரலாம் என்றாக்கியது. 1850களில் மாநிலக் கல்லூரியில் சட்ட விரிவுரைகள் தொடங்கின. அங்கே விரிவுரையாற்றியவர்களில் ஜான் புரூஸ் நார்ட்டன் குறிப்பிடத்தக்கவர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்த பின் பி.எல். பட்டம் வந்தது. 1862 இல் உயர் நீதிமன்றமும் வந்தது.

அக்காலத்தில் படிப்பும் பிழைப்பும் தனித்தனியாக இல்லை என்பதற்குத் தி. முத்துசாமி ஐயர் சிறந்த எடுத்துக்காட்டு. தஞ்சை மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் 1832 இல் பிறந்த அவர், சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளராக இருந்தார். பின்னர் அரசுப் பணியில் படிப்படியாக உயர்ந்து, பணியில் இருந்தபடியே சட்டம் படித்து 1871 இல் பட்டம் பெற்றார். 1878 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். தெருவிளக்கில் படித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, சம்பளம் வாங்கிக்கொண்டே சட்டம் படிக்கும் வழி அவருக்குத் திறந்திருந்தது என்பதுதான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை இதன் இன்னொரு பக்கம். மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862 இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவரும் சட்டம் அறியவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. நாவலாசிரியராக நினைவுகூரப்படும் அவர், சட்டத் தமிழின் முன்னோடியாகவும் நினைவுகூரப்பட வேண்டியவர்.

பிளீடர் தேர்வு

பி.எல். பட்டம் ஒன்றே வழியாக இருக்கவில்லை. பட்டமில்லாமல் பிளீடர் தேர்வு எழுதித் தேறினாலும் மாவட்ட, முன்சீப் நீதிமன்றங்களில் வாதாடலாம். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவ்வழியில் வந்தவர். திருச்சியில் சட்டம் படித்து, 1894 இல் பிளீடர் தேர்வில் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். 1908 இல் தண்டிக்கப்பட்டபோது வழக்காடும் சன்னதையும் இழந்தார். சிறையிலிருந்து 1912 இல் விடுதலையான பின் பல ஆண்டுகள் வறுமையில் வாடினார். அதை மீட்டுத்தர உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஒரு சிறிய உரிமச் சீட்டு ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தப் பெயரே காட்டும்.

சட்டக் கல்லூரியும் பயிற்சியாண்டும்

சென்னைச் சட்டக் கல்லூரி 1891 இல் தனி நிறுவனமாயிற்று. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடத்துக்கு 1899 இல் குடிபெயர்ந்தது. அந்த இடம் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். எலைகு யேலின் சிறு மகனுடைய சமாதி இன்றும் அங்கேயே நிற்கிறது. கல்லூரியின் அமைவிடமும் ஒரு பாடமாக இருந்தது. காலையில் வகுப்பில் கேட்ட ஒப்பந்தச் சட்டத்தைப் பிற்பகலில் சாலையைக் கடந்துபோய் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

ஆனால் பட்டம் மட்டும் போதுமானதாகக் கருதப்படவில்லை. பி.எல். முடித்தவர் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சியாளராக இருந்து, தேர்வும் எழுதிய பிறகே பதிவு பெறமுடியும். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பி. ஆர். சுந்தரம் ஐயரிடம் பயின்றார். நெல்லூர் மாவட்டத்து அர்ச்சகர் ஒருவரின் மகனான அவர், பின்னர் சென்னையின் அட்வகேட் ஜெனரலாகவும் அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராகவும் ஆனார். சீனியரின் அறையில் கற்றவை பாடநூலில் இராதவை: வழக்குக் கட்டைப் பிரித்துத் தேதிவாரியாகக் குறிப்பு எடுப்பது, கட்சிக்காரர் மறைப்பதைக் கேட்டு வாங்குவது, எந்த நீதிபதியிடம் எதைச் சுருக்கமாகச் சொல்வது, எப்போது வாய்தா கேட்கக்கூடாது என்பது. அனுபவமிக்க குமாஸ்தா ஒருவர் ஜூனியருக்குக் கற்றுக்கொடுத்தவையும் குறைவல்ல.

இந்த முறையின் கறையும் வெளிப்படையானது. பயிற்சியாளருக்கு வழக்கமாக ஊதியம் கிடையாது. சீனியர் கிடைப்பது உறவு, சாதி, ஊர்ப் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்திருந்தது. மயிலாப்பூர் வக்கீல்களின் செல்வாக்கு இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. திறமையால் வந்தவர்கள் பலர் என்பது உண்மையே. கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை என்பதும் உண்மை.

பெண்களுக்கு அது திறக்கவே இல்லை. 1916 இல் கல்கத்தாவில் ரெஜினா குகாவுக்கும், 1921 இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் சட்டப் பட்டம் இருந்தும் பதிவு மறுக்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டின் பெண் வழக்கறிஞர்கள் சட்டமே இத்தடையை நீக்கியது. சென்னையில் ஆனந்தா பாய் 1929 இல் பதிவு செய்து முதல் பெண் வழக்கறிஞரானார்.

1961க்குப் பின்

வக்கீல், பிளீடர், பாரிஸ்டர் என்ற பழைய படிநிலைகளை வழக்கறிஞர்கள் சட்டம், 1961 ஒழித்தது. பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்ற பிரிவு அதில் முதலில் இருந்தது. 1973 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. பட்டப் படிப்பிலேயே செய்முறை இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். காகிதத்தில் அது சரி. பெரும்பாலான கல்லூரிகளில் செய்முறை என்பது மாதிரி நீதிமன்றப் போட்டியும் ஒரு பதிவேடுமாகவே நின்றுவிட்டது.

இந்திய பார் கவுன்சில் 1995 இல் ஓராண்டுப் பயிற்சியை விதிகளால் மீண்டும் கொண்டுவந்தது. அப்படிச் செய்ய அதற்கு அதிகாரமில்லை என்று 1999 இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது. 2023 இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. ஆக, தேர்வு திரும்பிவிட்டது, பயிற்சி திரும்பவில்லை.

இதற்கிடையே படிப்பின் வடிவமும் மாறியது. பட்டம் முடித்தபின் மூன்றாண்டு என்பதோடு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு என்ற முறை 1980களில் வந்தது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி அதை நாடறியச் செய்தது. தமிழ்நாட்டில் மதுரை, கோவை, திருச்சி எனக் கல்லூரிகள் பெருகின. 1997 இல் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. அதன்கீழ் உள்ள அரசுக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ கிளாட் நுழைவுத் தேர்வு வேண்டும். குடும்பத்தில் முதல்முறையாகச் சட்டம் படிக்க வருபவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு அரசுக் கல்லூரி இன்னும் எட்டும் தொலைவில் இருக்கிறது.

சென்னையின் பழைய கல்லூரி 2018 இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்து சென்றது. 2008 ஆம் ஆண்டு வளாக மோதலுக்குப் பின் அமைந்த விசாரணை ஆணையத்தின் பரிந்துரை அது. அமைதிக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் சாலையைக் கடந்தால் நீதிமன்றம் என்ற வசதி போய்விட்டது.

காத்திருக்கும் ஆண்டுகள்

இன்றைய மாணவர் படிக்கும் பாடமும் நடுவழியில் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 என்று மனப்பாடம் செய்தவர் இனி 103 என்று சொல்லவேண்டும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே என்பதால், இரண்டையும் அறிந்தாகவேண்டும். இதோடு மொழிச் சுமையும் சேர்கிறது. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் எழுதிப் பழகியவர், மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போனால் ஆங்கிலத்தில் வாதாடவேண்டும்.

சாப்பாட்டுக் கேள்வி அண்மையில்தான் நீதிமன்றம் ஏறியது. தமிழ்நாடு அரசு 2020 இல் ஏழை இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டாண்டுகள் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கிடைக்கச் செய்யுமாறு தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் சட்டத்தில் சொன்ன 750 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அது 125 ரூபாய். அதற்கு முன் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்தனர். கட்டணத் தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது எளிது, ரசீதில் தெரிந்துவிடும். உதவித்தொகை அப்படியல்ல. சீனியர் தரவில்லை என்று புகார் கொடுக்கும் ஜூனியர், மறுநாள் எந்த அறையில் போய் உட்காருவார்?

நீதிபதி தேர்வுக்குப் படிப்பவர்களும் இப்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 1993 இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2002 இல் அதைத் தளர்த்தியது. 2025 மே 20 அன்று மீண்டும் கட்டாயமாக்கியது. பதிவு செய்த நாளிலிருந்து அனுபவம் கணக்கிடப்படும். அதற்குப் பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவர் சான்று தரலாம். அந்தச் சான்றில் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரும் மேலொப்பமிட வேண்டும்.