குதிரைமேல் ஓர் இருக்கை

குதிரையேற்றத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குதிரையைப் பற்றியே எழுதுகிறார்கள். மேலே அமர்ந்திருக்கும் மனித உடலையும் கவனித்த முன்னோடி, கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கப் படைத்தலைவர் செனபோன். நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாகாது, கால்களை அகற்றி நிற்பவனைப்போல் இருக்கவேண்டும் என்பது அவர் கூற்று. கிரேக்கர் அங்கவடியை அறியாதவர்கள். அவர்களுக்குத் தொடையும் இடுப்புமே துணை. அங்கவடி வந்து நூற்றாண்டுகள் பல கடந்தும், வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிய மாணவர் அங்கவடியும் கடிவாளமும் இன்றி, நீள்கயிற்றில் சுற்றிவரும் குதிரைமேல் மாதக்கணக்கில் அமர்ந்து பழகுகிறார்.

காரணம் எளியது. குதிரையின் முதுகு ஒவ்வோர் அடிக்கும் ஏறியிறங்கிப் பக்கவாட்டிலும் அசைகிறது. இடுப்பு இறுகியவரிடம் அவ்வசைவு தோளுக்கும் கைக்கும் தாவி, கடிவாளத்தின் வழியே குதிரையின் வாயை வெட்டியிழுக்கிறது. வலி குதிரைக்கு, பழியும் பெரும்பாலும் அதற்கே!

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் சிறைவைக்கப்பட்டார். மான் தீவின் முகாமில் இருந்தார். கட்டில் சுருள்வில்களைக் கொண்டு நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தார் என்ற கதை அங்கிருந்துதான் பிறக்கிறது. கதை அழகாக இருப்பதாலேயே சற்று ஐயுறத் தோன்றுகிறது. 1920களில் நியூயார்க் சென்றவரைத் தேடிவந்தவர்கள் நடனக்கலைஞர்கள். குதிரைவீரர்கள் பிற்காலத்தில்தான் அவர் முறையைக் கைக்கொண்டனர். இடுப்பெலும்பை அசையாது நிறுத்திக் காலை மட்டும் இயக்குதல், மூச்சோடு முதுகெலும்பை நீட்டுதல், அடிவயிற்றின் உட்தசைகளை எழுப்புதல் என அவர் பாயில் படுக்கவைத்துக் கற்பித்தவற்றுள் பல, வியன்னா மாணவர் குதிரைமேல் கற்பவையே.

கால்கள் இல்லாமலே அவ்விருக்கை எவ்வளவு பேசும் என்பதற்கு லிஸ் ஹார்ட்டெல் சான்று. (அவரைப் பிலாட்டிஸின் மாணவியாக்குவது என் நோக்கமன்று.) டென்மார்க்கைச் சேர்ந்த இப்பெண்மணி 1944இல், கருவுற்றிருந்த நிலையில், இளம்பிள்ளைவாதத்துக்கு ஆளானார். முழங்காலுக்குக் கீழ் இயக்கம் திரும்பவேயில்லை. உடல் எடையையும் முதுகையும் கொண்டே ஜுபிலி என்ற பெண்குதிரையோடு பேசக் கற்றார். ஒலிம்பிக்கின் டிரெஸ்ஸாஜ் போட்டி 1948 வரை ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. அதிகாரி அல்லாத ஒருவர் இடம்பெற்றிருந்தார் என்பதற்காகவே அவ்வாண்டு வென்ற சுவீடன் அணியின் தங்கம் பின்னர் பறிக்கப்பட்டது. 1952இல் ஹெல்சிங்கியில் விதி தளர்ந்து, பெண்களும் ஆண்களுக்கு எதிரே களமிறங்கினர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்த ஹார்ட்டெல் வெள்ளி வென்றார். பதக்க மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர். 1956இல் ஸ்டாக்ஹோமிலும் முதலிரு இடங்கள் இவ்விருவருக்கே, அதே வரிசையில்.