அங்கதம் ஏளனமன்று!

தோளில் அணியும் வளைக்கு அங்கதம் என்று பெயருண்டு. நாவில் ஏந்தும் படைக்கலம் ஒன்றுக்கும் அதுவே பெயர்! முன்னதை மன்னர் பூண்டனர். பின்னதைப் புலவர் ஏந்தினர். நாமோ இன்று கேலி, கிண்டல், நையாண்டி, ஏளனம் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அங்கதம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். பொருந்துமா?

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாக வகுக்கிறது. பழியை வெளிப்படையாகக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். எள்ளலோ, மெய்ப்பாட்டியலில் இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றோடு நகை பிறக்கும் களங்களுள் ஒன்றாக வேறிடத்தில் நிற்கிறது. சிரிப்பு வேறு, அங்கதம் வேறு என்று பிரித்தறிந்த மொழி நம் மொழி.

சான்று எங்கே என்பீர்கள். தகடூருக்கு வாருங்கள்! இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். அந்தத் தருமபுரி மாவட்டத்திலிருந்துதான் 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். ஔவை சினந்தாரா? இல்லை, பாடினார்! புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. உன் வேல்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல் மனையில் அழகாக இருக்கின்றன. எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து.

கேட்பதற்குப் புகழ்ச்சி, உள்ளே இருப்பதோ, நீ போர்க்களம் காணாதவன் என்னும் பழி! வாளேந்தி நின்ற மன்னனின் முகத்துக்கு நேரே, வெறுங்கையோடு நின்ற பெண்பாற்புலவர் கூறிய பழி. மேலிருக்கும் செருக்கை நோக்கி எய்த அம்பு அது.

தகடூருக்கு வடக்கே, கருநாடக எல்லையில் ஓசூர். 1970-களில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தபின், உலையும் உருக்கும் அங்கே ஊரையே வளர்த்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வடபுலத்திலிருந்து வந்த தொழிலாளியின் இந்தியும் ஒலிக்கிறது. அவன் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழைப் பழித்துக்காட்டிச் சிரிப்பவன், தானும் நகைச்சுவையாளன் என்று எண்ணிக்கொள்கிறான். கூலிக்கு வந்தவனைக் குத்துவதில் வீரம் ஏது? அது எள்ளல், அங்கதமன்று.

பின்னாளில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். பீலி சூடிய வேலும் மறைந்தது. முனை முறிந்த வேலும் மறைந்தது. ஔவையின் சொல்லோ இன்னும் துருப்பிடிக்கவில்லை. வலியோரை நோக்கி நீளும்வரைதான் அது படைக்கலம். எளியோர் பக்கம் திரும்பினால் வெறும் வசையே!